'இலவச மண் பரிசோதனை' என்று வருபவர்களிடம் கவனம்

புதுச்சேரியில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஒரு நர்சரியில் (பெயர் வேண்டாம்) செடி வாங்கினால், வீட்டுக்கே வந்து இலவசமாக மண்ணைச் சோதிக்கிறார்கள். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு தம்பி வந்தார். இட்லிப்பூச் செடியில் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. இரண்டு கம்பி நீட்டிய மீட்டரை, போர் தண்ணீர் பாய்ச்சிய ஈர மண்ணில் குத்தினார். ஊசி 5-க்குக் கீழே போனது (இது பி.எச். என்கிற அமில-கார அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்).

"மண்ணு முழுக்க ஆசிட்க்கா. பவுடர் போட்டாத்தான் செடி பிழைக்கும்."

லேபிளே இல்லாத வெள்ளைப் பவுடர் 900 ரூபாய், மீட்டர் 650. இரண்டையும் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

பவுடர் போட்ட பிறகு வந்த தளிர் கிட்டத்தட்ட வெள்ளை. சந்தேகப்பட்டு மிச்சப் பவுடரில் வினிகர் ஊற்றினேன், சோடா மாதிரிப் பொங்கியது. சுண்ணாம்புக்கல் மாவு! பவுடர் படாத மூலையில் மண் எடுத்து ஊற்றினால் அதுவும் நுரைக்கிறது. ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிற மண்தான் அப்படி நுரைக்கும், அமில மண் நுரைக்காது.

அப்புறம் மீட்டர். குடிதண்ணீரில் வைத்தால் 7 பக்கம் நின்றது. அதிலேயே கொஞ்சம் கல்லுப்பைக் கரைத்ததும் ஊசி அமிலப் பக்கம் ஓடியது. உப்பு எங்கே, அமிலம் எங்கே! பேட்டரி இல்லாத இந்த மீட்டரில் இரண்டு கம்பியும் வேறு வேறு உலோகம். நடுவே ஓடும் மின்சாரத்துக்குத்தான் ஊசி ஆடுகிறது, உப்பு கூடினால் அதுவும் கூடும். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. போதாததற்கு, அந்த மீட்டரில் 8-க்கு மேல் எண்ணே கிடையாது.

குரும்பாபேட்டை காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில், பவுடர் படாத மண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் பி.எச். 8.3. நல்ல காரம். அதில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, தளிர் வெளுத்தது அதனால்தான். அதன் மேல் சுண்ணாம்பைக் கொட்ட வைத்திருக்கிறார்கள்.

கடையில் கேட்டால், "மீட்டர் காட்டினதைத்தானே சொன்னோம், கம்பெனியைக் கேளுங்க" என்கிறார்கள். பணம் வரவில்லை.

மண் கொடுப்பதானால் நாலைந்து இடத்தில் அரையடி ஆழம் தோண்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுபோங்கள். யாராவது மீட்டரோடு வந்தால், முதலில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.