ஹெட்லைட் மேலே இருக்கணுமா, பம்பரிலா?

2010-இல் நிசானின் ஜூக் கார் ஹெட்லைட்டைக் கீழே பம்பருக்கு இறக்கி, சன்னமான விளக்கை மேலே வைத்தது. 2013-இல் ஜீப் செரோக்கி, 2017-இல் ஹூண்டாய் கோனா, 2019-இல் நம்மூருக்கு ஹாரியரும் வென்யூவும் ஹெக்டரும். 2023-இல் நெக்ஸானும் அதே முகத்துக்கு மாறியது. எல்இடி வந்தபின் பகல் விளக்கை (பகலிலும் எரியும் டிஆர்எல்) கோடுபோல மெலிதாக்க முடிந்தது. பானட் உயரமாகத் தெரிகிறது. அதனால்தான் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பிரெஸ்ஸா, சோனெட்டில் இன்னும் ஹெட்லைட்டும் பகல் விளக்கும் ஒரே பெட்டிக்குள், பானட்டை ஒட்டி. அழகு அவரவர் கண்ணுக்கு. கடலூர், புதுச்சேரியில் ஓடும் வண்டிக்கு ஒரே பெட்டிதான் சரி. நான் எடுத்ததும் அதுதான்.

காரணம், அடி படும் இடம். நேரு வீதி நெரிசலில் பைக்கின் கிராஷ் கார்டு இடிப்பது பம்பர் மூலையில். பம்பர் வளைந்து பழையபடி நிமிர்ந்துவிடும். பின்னால் ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதுகள் நிமிராது, உடையும். லென்ஸில் கீறல்கூட இருக்காது. ராத்திரி ஈசிஆரில்தான் வெளிச்சம் ஆடுவது தெரியும். சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, லைட் போட்டு, லென்ஸைக் கையால் லேசாக அழுத்துங்கள். சுவரில் வெளிச்சம் அசைந்தால் காது போயிருக்கிறது. பசை போட்டு ஒட்டினால் அதிர்வில் மறுபடி விடும். எல்இடி என்றால் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்ற வேண்டும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மீதி நம் கையிலிருந்து.

அடுத்தது தண்ணீர். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டியதுபோல மழை பெய்தால், தெருவில் நிற்கும் தண்ணீர் முதலில் தொடுவது பம்பர் விளக்கைத்தான். சூடான யூனிட் தண்ணீரில் முங்கினால் உள்காற்று சுருங்கி, காற்றோட்டத் துளை வழியாக நீரை இழுக்கும். லேசான பனிபோல் படிந்து, லைட் எரிய எரிய மறைந்தால் கவலை இல்லை. அடியில் சொட்டாகத் தேங்கினால் சீல் போய்விட்டது. உப்புக்காற்றில் கப்ளர் (விளக்கின் வயர் இணைப்பு) பச்சை பூப்பது இரண்டு வகைக்கும் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவிவிடுங்கள்.

பிரிந்த விளக்கிலும் நல்லது உண்டு. தாழ்வாக இருப்பதால் எதிரே வருபவர் கண் அவ்வளவாகக் கூசாது. பகல் விளக்கு பழுதானால் பல மாடல்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம். வீட்டில் ஷெட் இருந்து, பெரும்பாலும் ஹைவேயில் ஓடுபவர் என்றால் என் கணக்கு மாறலாம்.

பிரிந்த விளக்கு வண்டியைத்தான் எடுப்பதென்றால், புக் பண்ணுவதற்கு முன் ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் கீழ் ஹெட்லைட் யூனிட் ஒன்றின் விலையைக் கேளுங்கள். ஜீரோ டெப்புக்கான கூடுதல் பிரீமியத்தோடு ஒப்பிட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.