இரண்டு வைரத்துக்கு நடுவில் இரும்பு: கே-வேவ் எட்டு மாத அனுபவம்

கே-வேவ் என்ற டூல்பாக்ஸை, அதாவது மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்குள் ஓடும் நிரல் தொகுப்பை, எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் அது எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு இல்லை. பிராட்லி ட்ரீபியும் பென் காக்ஸும் 2010-ல் கட்டுரையாக அறிமுகப்படுத்திய இந்த நிரல், உடல் திசுவில் லேசர் பட்டதும் எழும் ஒலியைக் கணக்கிடப் பிறந்தது. நான் திசு இருந்த இடத்தில் இரும்பை வைத்தேன். வெறும் இரும்பு இல்லை, வைரப் பட்டடை செல்லுக்குள் நசுங்கிக் கிடக்கும் இரும்பு.

தெரியாதவர்களுக்கு: இரண்டு வைர முனைகளுக்கு நடுவே ஒரு துணுக்கை வைத்துத் திருகினால், கையடக்கக் கருவியிலேயே பூமியின் ஆழத்தில் உள்ள அழுத்தம் வந்துவிடும். வைரம் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடும் என்பதால் வெளியிலிருந்தே லேசர் துடிப்பை அடிக்கலாம். இரும்பின் தோல் ஒரு நொடிக்கும் மிகமிகக் குறைந்த நேரத்தில் சூடாகி, விரிய இடமில்லாமல் உதற, ஒலி அலை கிளம்புகிறது. அது மறுமுகம் போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் அந்த அழுத்தத்தில் ஒலியின் வேகம் கிடைக்கும். பூமியின் உட்கருவில் நெட்டலை (ஓடும் திசையிலேயே பொருளை முன்னும் பின்னும் அசைக்கும் அலை) நொடிக்கு 11 கிலோமீட்டர் ஓடுகிறது என்று நிலநடுக்கப் பதிவுகள் சொல்கின்றன. அங்கே இருப்பது என்ன கலவை என்று தேடுபவர்களுக்கு இந்த அளவு தேவை.

சரி, நிரலுக்கு வருவோம். பிடித்த விஷயம் முதலில். ஒளி ஒலியாக மாறும் வேலைக்கென்றே பிறந்ததால், "லேசர் இந்த இடத்தில் சூடாக்கியது" என்பதை பி0 என்ற ஒரே எண் அட்டவணையில் தொடக்க அழுத்தமாகக் கொடுத்துவிடலாம். மீள்திண்மங்களுக்கான (அழுத்தினால் வளைந்து பழைய வடிவுக்குத் திரும்பும் திடப்பொருள்களுக்கான) இரு பரிமாணச் செயல்கூறு அதை எடுத்துக்கொண்டு நெட்டலை, பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலை இரண்டையும் ஓட்டுகிறது. கணக்குக்காகப் பொருளைப் பிரித்த கட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி, இரண்டு வேகம், அவ்வளவுதான் கேட்கும். முதல் நாள் மாலையே அலை வைரத்துக்குள் விசிறியாக விரிவதைத் திரையில் பார்த்துவிட்டேன்.

ஆனால் அழுத்தத்தை அது கணக்கிடாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 50 ஜிகாபாஸ்கலில் இரும்பு எவ்வளவு இறுகும் என்பதை நாம்தான் வேறெங்கிருந்தாவது எடுத்துவந்து எண்ணாகப் போட வேண்டும். 13 ஜிகாபாஸ்கல் வாக்கில் இரும்பின் படிக அமைப்பே மாறுகிறது, அதுவும் நிரலுக்குத் தெரியாது.

கணக்கு ஓட ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது இரும்பு இல்லை, வைரம். வைரத்தில் ஒலி நொடிக்கு சுமார் 17.5 கிலோமீட்டர் ஓடுகிறது, சாதாரண இரும்பில் 5.9. கட்டத்தின் புள்ளி இடைவெளி கால் மைக்ரான், சிஎஃப்எல் எண் (ஒரு படியில் அலை அந்த இடைவெளியில் எவ்வளவு பங்கு நகரலாம் என்பது) 0.1 என்று வைத்தால், வேகமான வைரத்துக்குப் பயந்து ஒவ்வொரு படியின் நேரமும் 1.4 பிக்கோநொடிக்கு இறங்கிவிடும். 40 நானோநொடி பார்க்க 28,000 படி. லேப்டாப்பில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். முப்பரிமாணம் பற்றி நான் கனவு காண்பதில்லை.

இப்போது என் அசட்டுத்தனம். நினைவகம் மிச்சம் பிடிக்கலாமென்று இரும்புக்கு மேலே வைரத்தை 16 புள்ளி மட்டும் வைத்தேன், அதாவது 4 மைக்ரான். அழுத்தமில்லாத நிலையில் இரும்பு-வைர முகத்தில் அலை வீச்சில் சுமார் 14 சதவீதம் திரும்ப வேண்டும், அடர்த்தியை வேகத்தால் பெருக்கிக் காகிதத்திலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு. எனக்கு வந்தது 3. இரும்பு அலையை விழுங்குகிறது என்று கைடிடம் போய்ப் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "விளிம்பை எங்கே வைத்தாய்?" விளிம்புக்கு வரும் அலை எதிர்ப்பக்கத்தில் மறுபடி நுழைந்துவிடாமல் உறிஞ்ச கே-வேவ் ஒரு அடுக்கை வைக்கிறது. இயல்பாக அது 20 புள்ளி, அதுவும் நம் கட்டத்துக்கு உள்ளேயே. என் வைரம் முழுவதும், இரும்பின் முகமும் சேர்ந்து, அந்தப் பஞ்சுக்குள் கிடந்தது! அடுக்கை வெளியே தள்ள ஒரு வரி போதும், கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மாற்றியதும் 14 வந்தது.

குறைகளில் பெரியது, எல்லாப் பொருளும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்வது. வைரத்துக்கே அது முழு உண்மை இல்லை, உயர் அழுத்த இரும்புக்கு இன்னும் இல்லை. இன்னொன்று, வெப்பம் பரவுவதையும் அலையையும் பிணைத்து ஓட்டாது. ஒரு நானோநொடித் துடிப்பில் இரும்புக்குள் வெப்பம் 0.3 மைக்ரான் வரை ஊர்ந்துவிடுகிறது, என் கட்டத்தைவிட அதிகம், அதனால் அந்தத் தடிமனை நானே பி0-வில் தேய்த்துப் போடுகிறேன். சாய்ந்த முகங்கள் படிக்கட்டாக வெட்டுப்படுவதும் உண்டு. கிண்ணம் போல வளைந்த மாதிரியை வைத்தபோது படிகளிலிருந்து சின்னச் சின்ன எதிரொலிகள் கிளம்பி என்னை அலைக்கழித்தன.

ஆகவே எதிரொலி எப்போது வரும், எது நெட்டலை, எது குறுக்கலை என்று அடையாளம் காண்பதற்கு தாராளமாக நம்பலாம். எதிரொலி எவ்வளவு பலமாக வரும் என்பதற்கு நான் நம்பவில்லை. டூல்பாக்ஸ் இலவசம்தான், மேட்லேப் உரிமம் உங்கள் துறையில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இறக்கியதும் கூடவே வரும் மீள்திண்ம உதாரணத்தை ஓட்டிவிட்டு, இரண்டாவது வேலையாக அந்த 14 சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.