காஸ்ட்கோ உறுப்பினர் அட்டை: பதினேழு சந்தாக்களுக்குப் பிறகு

கடந்த மார்ச் மாதம் எங்கள் காஸ்ட்கோ சந்தாவைப் பதினேழாவது முறையாகச் செலுத்தினோம். ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்குப் பெரிய பெரிய கட்டுகளாகப் பொருள் விற்கும் அமெரிக்கக் கடைத்தொடர்தான் காஸ்ட்கோ. 2009-ல் நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் குடிவந்த முதல் வாரத்தில், பார்த்தவர்கள் எல்லோரும் தவறாமல் சொன்ன அறிவுரைகள் மூன்று. ஓட்டுநர் உரிமத்தை உடனே எடுக்க வேண்டும், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் இன்ன கடையில்தான் கறிவேப்பிலை வாங்க வேண்டும், காஸ்ட்கோ அட்டை இல்லாமல் இருக்கக் கூடாது. முதல் இரண்டையும் யோசித்துச் செய்தோம். மூன்றாவதை யோசிக்காமலே செய்தோம். வங்கிக் கணக்கை வைத்துக் கூட்டிப் பார்த்ததில், சந்தாவாக மட்டும் இதுவரை 1,540 டாலர் கொடுத்திருக்கிறோம். அண்மையில் இங்கே வேலைக்கு வந்திருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், "அக்கா, அந்தக் கார்டு நிஜமாவே லாபமா?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சில ஆண்டுகள் நல்ல லாபம், சில ஆண்டுகள் வெளிப்படையான நஷ்டம். அதைத் தீர்மானித்ததில் கடையின் விலைப்பட்டியலைவிட எங்கள் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டோம் என்பதற்கே பங்கு அதிகம். அவனுக்காக எழுதத் தொடங்கியது இவ்வளவு நீண்டுவிட்டது.

இந்தக் கடை எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால் கணக்குப் போடுவது எளிது. வழக்கமான சூப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரம் வகைப் பொருட்கள் இருக்கும். இங்கே சுமார் 4,000 வகைகள்தான். கொள்முதல் விலைக்கு மேல் வைக்கும் லாபத்துக்கும் அவர்களே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: பிற நிறுவனப் பொருட்களுக்கு 14 சதவீதம், சொந்தப் பெயரான கிர்க்லேண்ட் சிக்னேச்சருக்கு 15 சதவீதம். 2024 நிதியாண்டில் அந்நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 737 கோடி டாலர். அதே ஆண்டில் சந்தாவாக மட்டும் வந்த தொகை சுமார் 480 கோடி டாலர். அதாவது, அவர்கள் நமக்கு விற்கும் முதல் சரக்கு அந்த அட்டைதான். அதை ஓர் அனுமதிச் சீட்டாகக் கருதாமல், விலை கொடுத்து வாங்கிய பொருளாகக் கருதி, வீட்டில் அது எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பதே முறை.

முதல் மூன்று ஆண்டுகள் அது தேயவே இல்லை. அப்போது சந்தா 50 டாலர். இரண்டு அறை கொண்ட அடுக்ககத்தில் நானும் என் கணவரும் ஐந்து வயது மகளும் இருந்தோம். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள் வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லை. ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) பசலைக்கீரை டப்பாவை வாங்குவேன். முதல் நாள் கூட்டு, இரண்டாம் நாள் பருப்பில் போட்டுக் கடைவது, மூன்றாம் நாள் யாரும் கேட்காமலே சப்பாத்தி மாவில் பிசைவது. ஐந்தாம் நாள் டப்பாவின் அடியில் கறுத்த நீர் கோத்திருக்கும். கீரைக்குக் கொடுத்த விலையில் பாதி கொடுத்துச் சிறிய கட்டு வாங்கியிருந்தால் ஒரு இலைகூட வீணாகியிருக்காது. பவுண்டு கணக்கில் பார்த்தால் மலிவு, தின்ற கணக்கில் பார்த்தால் விலை அதிகம் என்பது எனக்கு உறைக்கவே மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்த நாட்களிலும் சந்தாவை நியாயப்படுத்திய ஒரே பொருள் உப்பில்லாத வெண்ணெய். நான்கு பவுண்டு வெண்ணெய், ஒவ்வொன்றும் ஒரு பவுண்டாக நான்கு பெட்டிகளில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கையும் அடிகனமான பாத்திரத்தில் போட்டு, சிறு தீயில், முதலில் எழும் வெள்ளை நுரை அடங்கி, பிறகு சடசடப்பு ஓய்ந்து, அடியில் கசண்டு பொன்னிறமாகும் வரை காத்திருந்து, கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலையையோ அது கிடைக்காவிட்டால் கறிவேப்பிலையையோ போட்டு இறக்கினால், மூன்று பவுண்டுக்குச் சற்றே கூடுதலாக நெய் கிடைக்கும். இந்தியக் கடைகளில் புட்டியில் விற்கும் நெய்யோடு விலையை ஒப்பிட்டபோது, ஒவ்வொரு முறையும் 10 டாலருக்குக் குறையாமல் மிச்சமானது. ஆண்டுக்கு ஆறு முறை நெய் உருக்கினாலே சந்தா திரும்பிவிடும். எங்கள் வட்டாரத் தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தக் கணக்கு, யாரும் எழுதி வைக்காவிட்டாலும், எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் தமிழ்ச் சமையலறைக்கு இந்த ஒரு கடை போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது பவுண்டு பாசுமதி மூட்டை கிடைக்கும், பத்து பவுண்டு வெங்காயம் கிடைக்கும். இட்லி அரிசி, உளுந்து, புளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் எல்லாவற்றுக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குத்தான் போக வேண்டும். கொத்தமல்லி ஒரு கட்டு, தக்காளி நான்கு என்று அவசரத்துக்கு வாங்கப் பக்கத்து சூப்பர் மார்க்கெட். ஆகவே மூன்று கடைகளுக்கும் அலைவது நிற்காது. சந்தா வாங்கினால் அலைச்சல் மிச்சம் என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் சாம்பார் வைப்பதில்லை என்று பொருள்.

2012 இறுதியில் தனி வீட்டுக்கு மாறினோம். அதே குளிர்காலத்தில் என் மாமியாரும் மாமனாரும் ஆறு மாதம் தங்குவதற்கு வந்தார்கள். முதன்முறை கடைக்கு அழைத்துச் சென்றபோது, மாமியார் அந்தத் தள்ளுவண்டியின் அகலத்தைப் பார்த்தார். முப்பது சுருள் கழிவறைத்தாள் கட்டைப் பார்த்தார். எண்ணெய்ப் புட்டிகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, யார் வீட்டு விசேஷத்துக்கு இவ்வளவும்?" என்று கேட்டார். ஆனால் ஒரே மாதத்தில் அந்தக் கடையை எங்களைவிட நன்றாகப் பயன்படுத்தியவர் அவர்தான். இரண்டு கேலன் பாலில் காப்பிக்குப் போக மீதி முழுவதும் இரவு உறை ஊற்றப்பட்டது. தயிர் புளித்தால் மோர்க்குழம்பானது. ஐந்து பேர் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டதால், வாங்கியது எதுவும் கெடவில்லை. அந்த ஆண்டு காஸ்ட்கோ எங்களுக்கு லாபமானதற்குக் கடையில் நடந்த மாற்றம் எதுவும் காரணமில்லை.

அந்த உற்சாகத்தில் 2013 மார்ச்சில் எக்ஸிக்யூட்டிவ் வகைக்கு மாறினோம். இந்த வகையில் சாதாரணச் சந்தாவைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும். பதிலுக்கு, ஆண்டு முழுவதும் வாங்கியதில், வரி நீங்கலாக, 2 சதவீதம் வெகுமதியாகத் திரும்பி வரும். அப்போது 55 டாலரும் 110 டாலரும். கூடுதலாகக் கொடுத்த 55 டாலரை மீட்க ஆண்டுக்கு 2,750 டாலருக்கு வாங்க வேண்டும். 2017 ஜூனில் சந்தா 60, 120 என்று உயர்ந்தபோது அந்த எல்லை 3,000 டாலரானது. 2024 செப்டம்பரில் 65, 130 ஆனபோது 3,250 டாலரானது. கூடுதல் தொகை ஒவ்வொரு முறையும் ஐந்து டாலர்தானே ஏறியது என்று விட்டுவிடுகிறோம். 2 சதவீதம் மட்டும் ஏறவில்லை என்பதால், அதே லாபத்துக்கு ஒவ்வொரு உயர்வுக்குப் பிறகும் 250 டாலர் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

2018-ல் ஓர் ஆண்டு முழுவதும் எல்லா ரசீதுகளையும் ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்தேன். தொழில்முறையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இது எனக்குச் சிரமமான வேலையில்லை. வெட்கமான வேலையாக முடிந்தது. மொத்தம் 4,180 டாலர். வெகுமதி 83 டாலர் 60 சென்ட். கூடுதல் சந்தாவான 60 போக 23 டாலர் 60 சென்ட் லாபம் என்று என் கணவர் திருப்தியடைந்தார். நான் ரசீதுகளை வரிவரியாகப் பிரித்தேன். எந்தக் கடையானாலும் வாங்கியிருக்கக் கூடியவை ஒரு பக்கம். அங்கே கண்ணில் பட்டதால் மட்டுமே வாங்கியவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் 890 டாலர் சேர்ந்தது. பாலுக்கும் முட்டைக்கும் போய் ஒரு தரைவிரிப்போடு வந்திருக்கிறோம். ஏற்கெனவே இரண்டு இருக்கும்போது மூன்றாவதாக ஒரு கூடாரம் வாங்கியிருக்கிறோம். வரிசைகளுக்குத் தலைப்புப் பலகை கிடையாது, பாலும் முட்டையும் கடைசியில் இருக்கும், போன வாரம் பார்த்த பொருள் இந்த வாரம் இருக்காது. இவை எல்லாமே நம்மைச் சுற்றவைக்கத்தான். அந்த 890 டாலருக்கு எனக்குத் திரும்பி வந்த வெகுமதி 17 டாலர் 80 சென்ட். இவை தவிர, தேவையென்று வாங்கியவற்றிலும் கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனது, நான் குறித்து வைத்த வரையில், ஏறக்குறைய 210 டாலர்.

அதே பெட்டியில் பழைய ரசீதுகள் சிலவும் கிடந்தன. மகள் சிறுமியாக இருந்தபோது, வாசலில் ரசீதைச் சரிபார்த்துக் கோடு போடுகிறவர்கள், பின்புறம் ஒரு சிரித்த முகம் வரைந்து அவளிடம் கொடுப்பார்கள். அச்சடித்த விலைகள் எல்லாம் மங்கி மறைந்துவிட்டன. சிரித்த முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

மளிகையை விட்டுப் பார்த்தால், எங்களுக்கு உண்மையில் பெரிய தொகை மிச்சமானது டயரில்தான். அங்கே வாங்கிப் பொருத்திய டயர்களுக்கு, அவை தேயும் வரை இடம் மாற்றிப் பூட்டுவது, சமன் செய்வது, காற்றுப் பார்ப்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாமே பொருத்துக் கட்டணத்தில் அடக்கம். ஆணி ஏறி இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் கட்டணமில்லை. மூக்குக்கண்ணாடியிலும் ஓரளவு மிச்சம். பலர் பெட்ரோலைக் காட்டித்தான் சந்தாவை நியாயப்படுத்துவார்கள். என் கணவர் மெட்ரோபார்க்கில் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர், எங்கள் வண்டி அதிகம் ஓடாது, பெட்ரோலுக்கு 2 சதவீத வெகுமதியும் கிடையாது என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

பொருளைத் திருப்பித் தரும் வசதியைப் பற்றிப் பெருமையாகப் பேசாதவர்கள் இல்லை. மின்னணுச் சாதனங்கள் சிலவற்றுக்கு 90 நாள் கெடு. பெரும்பாலான மற்றப் பொருட்களுக்குக் குறிப்பிட்ட கெடுவே இல்லை. ஊர்ப் பயணத்தில் சக்கரம் உடைந்த ஒரு பெட்டியை எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஜூனில் வெயிலுக்கு ஏசி வாங்கிச் செப்டம்பரில் திருப்பித் தருவதைச் சாமர்த்தியமாக எண்ணுகிறவர்களை நான் அறிவேன். அதைச் சேமிப்புக் கணக்கில் எழுத என்னால் முடியாது.

ஊர்ப் பயணம் என்றதும் பாதாம் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் புறப்படும்போது, மூன்று பவுண்டுப் பாதாம் பைகளையும் பிஸ்தாவையும் சாக்லேட் மூட்டைகளையும் 23 கிலோ பெட்டிக்குள் அடுக்கி, தராசில் தூக்கிப் பார்த்து, ஒரு பையை எடுத்து, மறுபடி தூக்கிப் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. கடைசியாகப் போனபோது என் சித்தி, "இதே கலிபோர்னியா பாதாம்தாண்டி நம்ம தெருக்கடையிலயும் தர்றான்" என்று மெல்லச் சொன்னார். அந்தச் செலவு அன்போடு சேர்ந்தது. சந்தாவின் லாபத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது.

2022-ல் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். மறுபடியும் கீரை டப்பாவில் நீர் கோக்கத் தொடங்கியது. பத்து ஆண்டு எக்ஸிக்யூட்டிவ் கணக்கை அப்போது கூட்டினேன்: வந்த வெகுமதி சுமார் 740 டாலர், கூடுதலாகக் கட்டிய சந்தா 575 டாலர். ஆண்டுக்குப் பதினாறரை டாலர் லாபத்துக்காக எத்தனை தரைவிரிப்புகள்! 2023-ல் சாதாரண வகைக்குத் திரும்பினோம். 2025 ஜூன் இறுதியிலிருந்து எக்ஸிக்யூட்டிவ் உறுப்பினர்களுக்குக் கடை முன்னதாகத் திறக்கிறது என்று நண்பர்கள் ஆசை காட்டினார்கள். இப்போது நாங்கள் ஆண்டுக்கு வாங்குவது 1,900 டாலர் அளவுக்குத்தான், அதற்கு வெகுமதி 38 டாலர், கூடுதல் சந்தா 65 டாலர்.

கெடுவதை நிறுத்தியது வேறொரு ஏற்பாடு. எதிர்வீட்டுக் குடும்பமும் எங்களைப்போல் இருவர்தான். ஒரு வாரம் அவர்கள் போகிறார்கள், மறுவாரம் நாங்கள். அவரவர் அட்டையில் வாங்கிவந்து, எங்கள் சமையலறை மேடையில் வெங்காய மூட்டையைக் கொட்டி, கீரையைக் கிண்ணத்தால் அளந்து, ஐந்து டஜன் முட்டையைப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம். அட்டையைக் கைமாற்றுவது முன்பு சிலரிடம் இருந்த வழக்கம். 2024-ல் வாசலிலேயே அட்டையைப் படிக்கும் கருவி வைத்து, படத்தோடு ஒப்பிடத் தொடங்கிய பிறகு அது செல்லாது. சரக்கைப் பங்கு போட எந்தத் தடையும் இல்லை.

உறவுக்காரப் பையனுக்கு நான் சொன்னது இதுதான். ஜெர்சி சிட்டியில் வண்டியில்லாமல் தனியாக இருக்கும் வரை அட்டை வேண்டாம். மருத்துவர் எழுதிய மருந்துகளை அங்குள்ள மருந்தகத்தில் உறுப்பினராகாமலே வாங்கலாம்; எப்போதாவது பெரிதாக ஏதாவது தேவைப்பட்டால், உறுப்பினர் ஒருவர் வாங்கித் தரும் ஷாப் கார்டை, அதாவது முன்பணம் ஏற்றிய அட்டையைக் கொண்டு அவனே உள்ளே போய் வாங்கலாம். கல்யாணமாகித் தனி வீடு வந்தபின், முதலில் சாதாரண வகை. ஓர் ஆண்டு ரசீது சேர்க்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் சந்தாவை முழுதாகத் திருப்பித் தருகிறார்கள் என்பதால் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க ஏன்க்கா இன்னும் வச்சிருக்கீங்க?" என்றான்.

வெண்ணெய் ஒரு காரணம், எதிர்வீடு ஒரு காரணம். அதோடு போன மாதம் வண்டியைப் பார்த்தவர், முன்பக்க டயர்கள் இரண்டும் வரும் குளிர்காலத்தைத்தான் தாங்கும் என்றார். மார்ச்சில் நான்கையும் மாற்ற வேண்டும். பதினெட்டாவது சந்தாவையும் கட்டிவிடுவோம்.