லேக் ஃபோர்க்கில் மார்ச் மாத பாஸ் மீன்பிடி: கைடு சேவை எப்படி?

டெக்சாஸில் லேக் ஃபோர்க் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் கைடு வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் முட்டையிடும் மார்ச் மாதத்தில். எங்களுக்கு வந்தவர் தூண்டிலை எடுக்கும் முன்பே தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்தார். 60 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டியதும் ஆண் மீன் கரையோர ஆழமில்லாத இடத்தில் வாலால் அடித்துக் குழி பறிக்குமாம், பெண் வந்து முட்டையிட்டுப் போய்விடும், குஞ்சு பொரிந்த பிறகும் காவல் ஆணுக்குத்தான். வாடைக்காற்று படாத வடக்குப் பக்க ஓடைகள் முதலில் சூடாகும் என்று நேராக அங்கே கொண்டுபோனார், கணக்கு சரியாக இருந்தது.

மதியம் குளிர்காற்று திரும்பியதும் மீன்கள் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. அது அவர் குற்றமில்லை. ஆனால் குழியில் காவலிருக்கும் ஆண் மீனைப் பிடித்து ஃபோட்டோவுக்காக நெடுநேரம் வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்குள் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும், இது அவருக்குத் தெரியாததா என்ன?

16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை இங்கே திருப்பி விட்டாக வேண்டும், அந்த விதியில் கறாராக இருந்தார். கட்டணம் அதிகம்தான். அப்புறம், சாப்பாடு நீங்களே கொண்டுபோங்கள். ஐந்துக்கு நான்கு.