38,500 ரூபாய் போச்சு: வீட்டில் நோயாளிக்கு ஆள் வைக்கிறவர்கள் படியுங்கள்

"ரீஃபண்ட் எங்க பாலிசியிலேயே இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரர்கள் இன்று காலை போனை வைத்துவிட்டார்கள். 38,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை, கால் வராது, மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை திடீரென்று "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்றார்கள். வீட்டில் நானும் முழங்கால் வலிக்கார அம்மாவும்தான். அந்த ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடிப் பிடித்ததுதான் இந்த ஏஜென்சி. சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறதே, வீட்டுக்கு அட்டெண்டர் அனுப்புகிற இடம், அந்த ரகம்.

பேசிய மேனேஜர் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பாவுக்கு சர்க்கரை உண்டா, முதுகில் புண் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் "நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?" என்றார். அங்கேதான் விழுந்தேன். ஒன்பது நாளாக அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்து வெள்ளைக் கோட்டில் ஒரு பையன் போட்டோ வந்தது, ஐசியூவில் நாலு வருஷ அனுபவமாம். பதிவுக் கட்டணம் 3,500, திருப்பித் தருகிற டெபாசிட் 5,000, ஒரு மாத முன்பணம் 30,000. பத்தே நிமிஷத்தில் ஜிபேயில் போட்டுவிட்டேன்.

வந்தது வேறு பையன். அப்பா மல்லாக்கப் படுத்திருக்க, அப்படியே குழாயில் கஞ்சியை ஊற்றப் போனான். தலைப்பக்கத்தை உயர்த்தாமல் ஊற்றினால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கே பத்துத் தடவை சொல்லியிருந்தார். ஏன்டா தம்பி என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். போன வாரம் வரை கேட்டரிங்கில் பாத்திரம் கழுவினானாம், டிரெயினிங் என்று ஒரே ஒரு நாள் பிபி பார்க்கக் காட்டினார்களாம். என்னிடம் ஒரு நாளைக்கு 1,000 வாங்கிக்கொண்டு அவனுக்குப் பேசியது 450. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டான். ராத்திரியெல்லாம் திருப்பிப் போடாமல் அப்பாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது, படுக்கைப்புண்ணின் ஆரம்பம்.

"சாயங்காலம் வேற ஆள் வந்துடுவார் மேடம்." சாயங்காலம் கேட்டால் ஆள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாராம். அந்த பஸ் 11 நாளாக வந்துகொண்டே இருக்கிறது! அப்புறம் மேனேஜர் லீவு, அக்கவுண்ட்ஸில் பேசுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள், அதை எடுத்ததும் அதே குரல்தான். டெபாசிட்டையாவது கொடுங்கள் என்றேன், ஆறு மாதம் சர்வீஸ் எடுத்தால்தான் அதுவும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் ப்ளாக். சாப்பிட்டீங்களா என்று கேட்ட அதே வாய்.

பத்துப் பாயிண்ட் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். நர்ஸ் என்று சொன்னால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், போட்டோவில் இருக்கிற ஆள்தானா வந்திருப்பது என்று ஆதாரைப் பாருங்கள். முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே அந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, அங்கே இருக்கிற நர்ஸ் முன்னால் ஒரு வேளை ஊட்டச் சொல்லுங்கள். டெபாசிட் எப்போது திரும்ப வரும் என்பதை எழுதி வாங்குங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், 38,500 வருமோ வராதோ. மணி இரண்டாகிறது, அப்பாவை இடப்பக்கம் திருப்ப வேண்டும்.