நேரம் தீர்ந்தால் தோல்வியா, டிராவா?

கடலூரில் மொபைலில் செஸ் ஆடும் பிள்ளைகளுக்கு வரும் குழப்பம் இது. உங்களிடம் ராஜாவும் சிப்பாயும். எதிராளியிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும். உங்கள் நேரம் தீர்கிறது. லைசெஸ் என்ற செஸ் தளத்தில் இது தோல்வி, செஸ்.காம் தளத்தில் டிரா.

லைசெஸ், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியை ஒட்டியது: நீங்களே ஒத்துழைத்தாவது உங்கள் ராஜா மேட் ஆக (தப்ப வழியின்றிச் சிக்க) வழியிருந்தால் எதிராளிக்கே வெற்றி. ஒற்றைக் குதிரையால் மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது செஸ்.காமின் கணக்கு.

நேரடிப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் லைசெஸில் பழகட்டும். ஆனால் நேரடிப் போட்டியில், நகர்வுக்குக் கூடுதல் நொடி தராத ரேபிட் (விரைவு) ஆட்டத்தில், இந்த விதி உண்டென்று போட்டி நடத்துவோர் முன்பே அறிவித்திருந்தால், உங்கள் நேரம் 2 நிமிடத்துக்குக் கீழே வந்ததும் நடுவரிடம் டிரா கேட்கலாம். ஆன்லைனில் கேட்க ஆளில்லை. ஐப்பசி மழையில் நெட் போனாலும் கடிகாரம் ஓடும். அதனால் வீட்டு ஆட்டத்துக்குச் செஸ்.காம் விதியே நியாயம் என்பேன். 3+2 ஆட்டத்தில் (3 நிமிடம், நகர்வுக்கு 2 நொடி கூடுதல்) இந்தத் தகராறு குறைவு.