மொமெண்டரி என்று சொல்லி லாச்சிங் ஸ்விட்ச்: பெடலை மாற்றம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

வீட்டில் நானே செய்த, கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் டிலே பெடலில் ஒரு மொமெண்டரி ஃபுட்ஸ்விட்ச்சை (காலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் செயல்படும் ஸ்விட்ச்) சேர்ப்பதற்காக, சென்னையில் பெடல் பழுதுபார்க்கும் ஒரு பணிமனையில் கொடுத்தேன். கேட்ட ஸ்விட்ச்சைப் பொருத்தாமல், கேட்ட இடத்திலும் இணைக்காமல், இரண்டுக்கும் முழுக் கூலியை வாங்கிக்கொண்டார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே வேலையை வேறு எங்கே கொடுப்பதாக இருந்தாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் இந்த ஏமாற்று நடக்காது என்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

என் பெடல் பிடி2399 என்ற பதினாறு கால் ஐசியை (சிப்பை) கொண்டு செய்தது. சொந்தமாக டிலே செய்யத் தொடங்கும் பலரும் எடுப்பது இந்த ஐசியைத்தான். இதன் ஆறாம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்பதே எதிரொலியின் கால இடைவெளியைத் தீர்மானிக்கிறது. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டின்படி 27.6 கிலோ ஓம் இருந்தால் ஏறத்தாழ 342 மில்லி செகண்டும், அரை கிலோ ஓம் இருந்தால் ஏறத்தாழ 31 மில்லி செகண்டும் கிடைக்கும். எதிரொலி எத்தனை முறை திரும்ப வரும் என்பது வேறு விஷயம். டிலே ஆகி வெளியே வரும் சிக்னலில் எவ்வளவு பங்கு மறுபடி உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது அது. என் பெடலில் அதற்கு 50 கிலோ ஓம் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்று தனியாக இருக்கிறது.

நான் கேட்டது இந்தப் பாட்டில் ஒரு மாற்றம். ஸ்விட்ச்சைக் காலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை எதிரொலி தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு பெருகி ஊளையிட வேண்டும். காலை எடுத்தவுடன் பழையபடி தேய்ந்து அடங்க வேண்டும். இதற்கு, அழுத்தும்போது மட்டும் இணைப்புத் தரும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை அந்தப் பாட்டின் சிக்னல் வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே போட்டாலே போதும். படம் வரைந்து, இரண்டு புள்ளிகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்திருந்தேன். அலுமினிய வார்ப்புப் பெட்டியில் 12 மில்லிமீட்டர் துளை போடும் வசதி வீட்டில் இல்லாததால்தான் வெளியே கொடுக்க நேர்ந்தது. சத்தமில்லாமல் அழுந்தும் 'சாஃப்ட் டச் மொமெண்டரி' ஸ்விட்ச் என்று சொல்லி, அதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். பில்லிலும் அப்படியே எழுதினார்கள்.

பெடலைத் திரும்ப வாங்கும்போது, கடையின் ஆம்ப் பழுதாகிக் கிடப்பதாகச் சொல்லி வாசித்துக் காட்ட மறுத்துவிட்டார் உரிமையாளர். ஆம்ப் பழுதுபார்ப்பதும் அவருடைய தொழில்தான் என்பது வேறு கதை. வீட்டுக்கு வந்து அழுத்தினால் 'டக்' என்று ஓசை கேட்டது. காலை எடுத்த பிறகும் ஸ்விட்ச் அழுத்திய நிலையிலேயே நின்றது. எதிரொலி பெருகுவதற்குப் பதிலாக, தகரக் குழாய்க்குள் வாசிப்பதைப் போன்ற குறுகிய இரட்டிப்பு வந்தது. அதைவிட மோசம், சில சமயம் பெடலுக்கு மின்சாரம் கொடுத்தால் கிட்டாரின் நேர் ஒலி மட்டும் வந்ததே தவிர, எதிரொலி அறவே இல்லை.

அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. உள்ளே இருந்தது நீல நிற உடலும் ஒன்பது கால்களும் கொண்ட 3பிடிடி வகை லாச்சிங் ஸ்விட்ச், அதாவது ஒருமுறை அழுத்தினால் மறுமுறை அழுத்தும் வரை அதே நிலையில் நிற்பது. அதில் இரண்டு கால்களில் மட்டுமே ஒயர். பெடலை பைபாஸ் செய்வதற்கு, அதாவது சிக்னலைப் பெடலுக்குள் விடாமல் நேராக அனுப்புவதற்கு, அது நல்ல ஸ்விட்ச்தான், ஆனால் அழுத்திப் பிடிக்கும் வேலைக்கு உதவவே உதவாது. சாலிடரிங் அயர்னை அதிக நேரம் வைத்ததில் கால்களைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி, அந்த இரண்டு கால்களும் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பிய ஒயர்கள் நான் வட்டமிட்ட பாட்டின் பக்கமே போகவில்லை. ஒன்று ஐசியின் ஆறாம் காலுக்கும் மற்றொன்று கிரவுண்டுக்கும் போயிருந்தன. பாதுகாப்புக்காக நான் வைத்திருந்த 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அவை தாண்டிவிட்டன. மின்சாரம் வரும் நேரத்தில் ஆறாம் காலில் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக இருந்தால் பிடி2399 இயங்கத் தொடங்காமல் முடங்கிப்போகும் என்பது இந்த ஐசியோடு பழகியவர்கள் அறிந்த குணம். லாச்சிங் ஸ்விட்ச் இணைப்புத் தரும் நிலையில் நின்றுவிட்டபோது மின்சாரம் கொடுத்தால் எதிரொலி காணாமல் போனது அதனால்தான்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "ஒரு தடவ அமுக்கினா ஆன், இன்னொரு தடவ அமுக்கினா ஆஃப். ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார் உரிமையாளர். பில்லில் மொமெண்டரி என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டியதும் பேச்சு மாறியது: "வீட்ல செஞ்ச பெடலுக்கெல்லாம் நாங்க கியாரண்டி தர்றதில்ல." கியாரண்டியை நான் கேட்கவே இல்லை; பணம் வாங்கிய பொருளைத்தான் கேட்டேன். கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகவும், அதற்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ் ஆகும் என்றும் கடைசியில் சொன்னபோது, பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

பிறகு ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஸ்விட்ச்சை நானே வாங்கினேன். வெளியே இருந்து பார்த்தால் லாச்சிங்கும் மொமெண்டரியும் ஒரே மாதிரி இருக்கும். மரையும் தலையும் வேறுபாடு காட்டாது. எனவே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலையில்) வைத்து இரண்டு கால்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் பீப் ஒலி கேட்டு, விட்டவுடன் நின்றால் அதுவே நமக்கு வேண்டியது. அழுத்தாதபோது ஒலித்து அழுத்தும்போது நின்றால் அதுவும் மொமெண்டரிதான், ஆனால் இந்த வேலைக்கு நேர் எதிரான வகை. விட்ட பிறகும் ஒலி தொடர்ந்தால் அது லாச்சிங். வேலையை வெளியே கொடுப்பவர்கள் ஸ்விட்ச்சைப் பொருத்துவதற்கு முன்பே இப்படிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு ஒயர் போகிறது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் பெட்டியின் உட்புறத்தை நான் படமெடுத்து வைத்திருந்ததால்தான், எந்த ஒயர் புதிது என்று உடனே கண்டுபிடிக்க முடிந்தது.

புது ஸ்விட்ச்சோடு தொடராக ஒரு 10 கிலோ ஓம் டிரிம்மரை (ஸ்க்ரூடிரைவரால் திருகிச் சரிசெய்யும் சிறிய பாட்) சேர்த்து, பாட்டின் குறுக்கே இணைத்தேன். ஊளை எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதை அந்த டிரிம்மரில் சரிசெய்துகொள்ளலாம். பெடல் இப்போது நான் நினைத்தபடியே வேலை செய்கிறது. அந்தப் பணிமனை தன் விளம்பரத்தில் 'மொமெண்டரி மாற்றம் செய்து தரப்படும்' என்ற வரியின் கீழே என் பெடலின் படத்தைத்தான் போட்டிருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.